லிஸம்மாவின் எம்பல்

லிஸம்மா விடுதி மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கால்விரலால் படியைத் துழாவித் துழாவி. மற்றப் பெண்கள் சிரித்தால், மேலே மாட்டியிருக்கும் இயேசு படத்தைக் காட்டி, "கர்த்தருக்கு முதுகு காட்டலாமாடி?" என்பாள். நேராக இறங்கினால் முட்டி உயிர்போக வலிக்கும் என்பது, ஒரே அறையில் கிடக்கும் எனக்கு மட்டும் தெரியும்.

சாயங்காலமானால் மீன்காரர் மம்மதுவிடம் மிச்சமிருக்கும் ஐஸைக் கெஞ்சி வாங்கிவந்து, துணியில் பொதிந்து இரண்டு முட்டியிலும் கட்டிக்கொள்வாள். அறை முழுக்க மத்தி நாற்றம். மூக்கைப் பொத்தினால், "மோந்துக்கிட்டே சோத்தைத் தின்னு, குழம்பு மிச்சம்" என்பாள். வாய்க்குக் குறைச்சலே இல்லை.

எங்கள் டிபார்ட்மெண்ட் வாலிபால் அணியில் நான் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், அவள் அடிப்பவள். பத்து வருஷமாக அவளுக்குத் தற்காலிக வேலைதான். இந்த ஜூனில் நடக்கும் ஆட்டத் தேர்வில் தேறினால் நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான பேராவூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

எங்கள் கோச் வர்கீஸ் சாரின் பயிற்சி, பெஞ்சுக் குதிப்பு. இடுப்பில் மணல் பையைக் கட்டிக்கொண்டு, பெஞ்சிலிருந்து சிமெண்ட் தரையில் குதித்து, கால் பட்டதும் மேலே எம்ப வேண்டும். தினம் காலையில் நூறு. எவ்வளவு எம்புகிறோம் என்று அவர் அளப்பதே இல்லை. அடித்த பந்து தரையில் விழும் சத்தம் போதும் என்பார்.

ஜனவரியில் அவளுடைய எம்பல் குறைய ஆரம்பித்தது. அடுத்தடுத்து மூன்று பந்து கைக்கு எட்டாமல் போனபோது அவள் முகம் செத்துவிட்டது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் பந்தைக் கொஞ்சம் தாழ்த்திப் போட்டேன். இடி மாதிரி அடித்தாள். "பெஞ்சு பலிச்சிருச்சுடி ஸ்ரீஜா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். சத்தத்தைக் கேட்ட சாரும் பெஞ்சுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார். நூறை அவளாகவே நூற்றைம்பது ஆக்கிக்கொண்டாள். முட்டி வீங்கியது, எம்பல் இன்னும் குறைந்தது, நானும் இன்னும் இறக்கினேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பாவி நான், ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை.

தேர்வில் பந்து தூக்கிக் கொடுத்தவள் வேறு ஊர்க்காரி. அவள்மேல் குற்றமில்லை, முறையான உயரத்தில்தான் போட்டாள். பத்துப் பந்தில் எட்டுக்கு லிஸம்மாவின் கை, பந்துக்குக் கீழே வெறும் காற்றை அடித்தது. வர்கீஸ் சார் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாள். அழவில்லை. என் பக்கம் திரும்பாமலே, "பந்தை எத்தனை விரல் இறக்கின?" என்று கேட்டாள்.

மூன்று விரலைக் காட்டினேன். அவள் என் கையை இழுத்து, மடக்கி வைத்திருந்த சுண்டுவிரலையும் நிமிர்த்திவிட்டாள்.