சிவலட்சுமிக்கு வந்த வெற்றுத் தாள்கள்

சண்டை முடிந்து மூன்றாவது வருடம். மன்னார்ப் பக்கம் அடம்பனுக்கு உள்ளே, மின்சாரம் இன்னும் வந்து சேராத ஒரு வயல் கிராமத்தில், சிவலட்சுமியின் வீட்டுக்குத்தான் ஆகக் கூடுதலாகக் கடிதம் வந்தது. ஒன்று கொழும்பிலிருந்து, இன்னொன்று கண்டியிலிருந்து, பிறகு எங்கேயோ தெற்கிலிருந்து. உறை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். கையெழுத்தும் வேறு வேறு. ஊர் அதைப் பார்க்காமல் இருக்குமா?

சிவலட்சுமி செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து மகளோடு ஊர் திரும்பி, தன் பழைய காணியிலேயே தகரக் கொட்டில் போட்டவள். மகள் தக்சிகாவை மன்னாரில் விடுதியில் சேர்த்துவிட்டு, காலையில் பால் சேகரிப்பு நிலையத்தில் பால் அளந்தாள். கணவன் சிவராசா கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். வீட்டுத்திட்டத்துக்கும் மகளின் உதவிப்பணத்துக்கும் தேவை என்று கந்தோரில் சொன்னதால், அவனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்திருந்தாள். அன்றோடு மாமியார் அன்னப்பிள்ளை அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். "என்ர பிள்ளையைச் சாகடிச்சுப்போட்டாள்" என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னதும் சிவலட்சுமியின் காதுக்கு வந்தது. அன்னப்பிள்ளை பஸ்ஸில் அரைமணி நேரத் தூரத்தில் மகள் வீட்டில் இருந்தார்.

கடிதங்கள் வரத் தொடங்கியது நிவேதிகா என்ற பெண்ணால். பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளர். நிலையான விலாசமும் கைத்தொலைபேசியும் உள்ள ஓர் ஆளைத் தேடி பால் நிலையத்துக்கு வந்தவள், சிவலட்சுமியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கடிதம் ஊருக்கு ஊர் போய்ச்சேர எத்தனை நாள் எடுக்குதெண்டு கணக்கெடுக்கிறம். அதுக்கு நாங்கள் உங்களுக்குக் கடிதம் போடுவம். உள்ளுக்கு வெறும் தாள்தான் இருக்கும். தாளில இந்தத் தகடு ஒட்டியிருக்கும்" என்று நகக்கண் அகலத்தில் மெல்லிய ஒன்றைக் காட்டினாள். "கொழும்பிலயும் மன்னாரிலயும் தபால் பை போற வாசலில கருவி பூட்டியிருக்கிறம். தகடு அதைக் கடக்கேக்க நாளும் நேரமும் தானாப் பதியும். மன்னாருக்கு இஞ்சால கருவி இல்லை. அதால கடிதம் கையில கிடைச்ச உடனே நீங்கள் எனக்கொரு மெசேஜ் போடவேணும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். ஆனா ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. முக்கியமாத் தபால்காரருக்கு. தெரிஞ்சால் உங்கட கடிதத்தை மட்டும் கெதியாக் கொண்டுவருவார். பிறகு அந்தக் கணக்கால பிரயோசனமில்லை."

மாதாமாதம் தொலைபேசிக்கு ரீலோட் போட்டுத் தருவதாகச் சொன்னாள் நிவேதிகா. மகளோடு கதைக்க அது உதவும் என்று சிவலட்சுமி ஓம் சொன்னாள். அதில் வேறு யோசனை எதுவும் அவளுக்கு இருக்கவில்லை.

தபால்காரர் சனூன் மன்னார் உப்புக்குளத்து முஸ்லிம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல அவரை 'நானா' என்றுதான் சிவலட்சுமி கூப்பிடுவாள். சைக்கிளில் வருவார். வேலிப் படலையில் மணியடித்து, "தங்கச்சி, கடிதம்" என்று கொடுத்துவிட்டுப் போவார். சிவலட்சுமி உள்ளே போய் உறையைக் கிழிப்பாள், மெசேஜ் போடுவாள், நிவேதிகா வரும்போது எடுத்துப்போகட்டும் என்று தாளையும் தகட்டையும் பிஸ்கட் ரின்னில் போட்டு மூடுவாள்.

பக்கத்து வளவுப் பூமணி முதலில் சிரித்துச் சிரித்துத்தான் கேட்டாள். "கனடாவில ஆரும் சொந்தமோ?" இல்லை என்று சிவலட்சுமி சொன்னாள். அடுத்த முறை பூமணி சிரிக்கவில்லை. பால் கொண்டு வருகிற பெண்கள் அவளைக் கண்டதும் கதையை மாற்றினார்கள். யாரோ ஓர் ஆண் எழுதுகிறான் என்று பேச்சு அடிபடுவது அவளுக்குத் தெரியாமல் இல்லை. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். இதைவிட மோசமான பேச்சையெல்லாம் முகாமில் கேட்டாயிற்று.

அந்தப் பேச்சு அன்னப்பிள்ளையிடம் போய்ச் சேரும்போது வேறாகிவிட்டிருந்தது.

ஒருநாள் பால் நிலையம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, கொட்டில் வாசலில் மாமியார் குந்தியிருந்தார். பஸ்ஸால் இறங்கி வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சிவலட்சுமி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"எங்க இருக்கிறான்?" என்றார்.

"ஆர் மாமி?"

"எனக்கு ஒளிக்காதை. ஊரெல்லாம் தெரியும். என்ர பிள்ளை உனக்குக் கடிதம் போடுறான். எங்க பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள் எண்டு மட்டும் சொல்லு. நான் ஆரிட்டையும் சொல்லமாட்டன்."

சிவலட்சுமிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். நிவேதிகாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் எதிரே இருந்த மனுசி வெயிலில் நடந்து வந்தது மகனைத் தேடி.

"அவர் இல்லை மாமி" என்றாள். உள்ளே போய் பிஸ்கட் ரின்னை எடுத்துவந்து அவருடைய மடியில் வைத்தாள்.

அன்னப்பிள்ளை ஒவ்வொரு தாளாக எடுத்தார். முன்புறம் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். எல்லாமே வெறுமை. தகட்டைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"இதென்ன, செய்வினைத் தகடோ?"

சிவலட்சுமி பக்கத்தில் இருந்து முழுவதையும் சொன்னாள். யார் அனுப்புகிறார்கள், ஏன் அனுப்புகிறார்கள், தகடு என்ன செய்கிறது என்று. அன்னப்பிள்ளை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப, இது எந்த வழியால வந்ததெண்டு அவையளுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எத்தனை மணிக்கெண்டும்?"

"ஓம் மாமி."

அன்னப்பிள்ளை தகட்டை விரல்நுனியால் எடுத்துத் திரும்ப ரின்னுக்குள் போட்டு மூடினார். "வெறும் தாள் வந்த வழிக்குக்கூடக் கணக்கிருக்கு" என்றார். அழவில்லை. சிவலட்சுமி சோற்றைப் போட்டுக் கொடுத்தபோது மறுக்காமல் சாப்பிட்டார். பின்னேரப் பஸ்ஸுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டாள். ஏறும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "பூமணியின்ர வாயை நான் பார்த்துக்கொள்ளுறன்."

அன்று மாலையே சிவலட்சுமி நிவேதிகாவுக்கு அழைத்து, மாமியாரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

"ஏன் சொன்னனீங்கள் எண்டு கேக்கலாமோ அக்கா?"

சிவலட்சுமி காரணத்தைச் சொன்னாள். "நாங்கள் இதை யோசிக்கேல்லை" என்றாள் நிவேதிகா. ஆனாலும் விதி விதிதான். அந்த விலாசத்துக்குக் கடிதம் நின்றது.

கடிதம் நின்று சில வாரம் கழிந்திருக்கும். வேறு வீட்டுக்கு வந்த சனூன், படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார்.

"தங்கச்சி, கோவிக்கக் கூடாது. கடிதம் ஒண்டும் வரேல்லை. சுகந்தானே அவர்?"

"ஆரைக் கேக்கிறியள் நானா?"

சனூன் குரலைத் தாழ்த்தினார். "உங்கட அவர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவர் எழுதுறாரெண்டுதான் நினைச்சன். அதுதான் உங்கட கடிதத்தை ஒருநாளும் அடுத்த நாளைக்கு வைச்சதில்லை. மழைக்கு றோட்டு முறிஞ்ச அண்டைக்கும் கொண்டு வந்தனான்."

உண்மையை முழுவதும் சொன்னால் வேறு ஊர்களில் இன்னும் நடக்கிற வேலை கெட்டுவிடும். "அவர் இல்லை நானா" என்று மட்டும் சொன்னாள். சனூன் தலையை ஆட்டினார். அவள் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார்.

இதையும் அவள் நிவேதிகாவிடம் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் கடிதங்கள் ஏன் அவ்வளவு கெதியாக வந்தன என்று தெரிந்த பிறகு வாய் மூடியிருக்க மனம் வரவில்லை.

"அப்ப அந்தக் கணக்கு பிழை, என்ன?" என்று கேட்டாள்.

"எங்களுக்குப் பிழைதான் அக்கா. சேர்க்க ஏலாது."

அறிக்கை வெளியானதும் நிவேதிகா ஒரு பிரதியோடு வந்தாள். மன்னாருக்கு அப்பால் உள்ள ஊர்களைப் பற்றி எழுதியிருந்த பகுதியில் அவர்களுடைய ஊர் விடப்பட்டிருந்தது. சனூனின் பெயர் எங்காவது இருக்கிறதா என்றுதான் சிவலட்சுமி முதலில் விசாரித்தாள். ஒருவருடைய பெயரும் இல்லை என்றதும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருடம் வீட்டுத்திட்டத்தில் அவளுடைய கல்வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். அன்னப்பிள்ளை அழைக்காமலே வந்தார். மரணச் சான்றிதழின் பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான் என்பதில் அவர் கடைசிவரை மாறவும் இல்லை. சமைக்கிற குசினி எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. மேசன் கயிற்றைப் பிடித்தபடி நடுவில் காத்து நின்றான். குசினி அன்னப்பிள்ளை சொன்ன பக்கம்தான் வந்தது.