நாயின் காதில் பதினெட்டு உண்ணி

என் மனைவியை நினைத்ததும் முதலில் தெரிவது, வாசற்படியில் உட்கார்ந்து நாயின் காதை மடியில் விரித்துவைத்துக்கொண்டு அவள் உண்ணி பிடுங்கிய கோலம்தான். முள்வாங்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுப்பாள். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய சிரட்டையில் போடுவாள். நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன். இடது காதில் பதினொன்று, வலதில் ஏழு. "நீங்க எண்ணிக்கிட்டே இருங்க, நான் எடுத்துக்கிட்டே இருக்கேன்" என்பாள்.

வேப்பமரம் இந்தத் தேயிலை மலைக் குளிரில் வளராது. கொட்டகலை டவுன் கடையில் வேப்பெண்ணெய் வாங்கி, தேங்காயெண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து, நாயின் கழுத்திலும் கால் இடுக்குகளிலும் தடவுவாள். கொழுந்தெடுக்கப் போகுமுன் அட்டை கடிக்காமலிருக்கத் தன் காலிலும் அதையே பூசிக்கொள்வாள். நாய் படுக்கும் சாக்குக்கு அடியில் எலுமிச்சை வாசமடிக்கும் மானாப்புல்லைப் பரப்பி, நாலு நாளைக்கு ஒருமுறை மாற்றுவாள். அந்த வாசனைக்கு உண்ணி அண்டாது என்பது அவள் கட்சி. அண்டாமல் இல்லை, குறைந்தது. முப்பத்திரண்டு பதினெட்டானது.

அந்தப் பதினெட்டுதான் எனக்கு எரிச்சல். நான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, படித்தவன். ஒன்றுகூட மிஞ்சக்கூடாது எனக்கு. தேயிலை இலையைச் சிவக்கவைக்கும் பூச்சிக்கு அடிக்கிற மருந்தில் மிச்சத்தை ஒரு போத்தலில் கொண்டுவந்து, அவள் மலைக்குப் போயிருந்த நேரத்தில் நாயின்மேல் ஊற்றித் தேய்த்தேன். இருபது நிமிடத்தில் வாயில் நுரை. அவள் வந்தபோது நாயின் கால்கள் விறைத்துவிட்டிருந்தன. சாக்கை எடுத்து மோந்து பார்த்தாள். மருந்து நெடி அதில் அப்படியே இருந்தது. நாய் ஓடைப்பக்கம் எதையோ தின்றுவிட்டது என்று லயத்து வீடுகளில் எல்லோரிடமும் சொன்னேன். அதன்பின் பத்தொன்பது வருடம், சாகும்வரை, அவள் அந்தப் பொய்யை யாரிடமும் திருத்தவில்லை. ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் போனாளே என்று இன்றும் அவள்மேல் கோபம் வருகிறது. வெட்கங்கெட்ட கோபம்.

போன ஞாயிறு, அடுத்த வீட்டுக்காரன், தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்ப்பவன், அதே மாதிரிப் போத்தலோடு தன் நாயைக் கட்டிப்போட்டிருந்தான். வேண்டாம் என்று கத்தினேன்.

"வெயில்ல நிக்காம உள்ள போங்க ஐயா. உங்களுக்கு நாய் குலைச்சாலும் குத்தம், குலைக்காட்டியும் குத்தம்" என்றான். அவன் மனைவி சிரித்தாள்.

"சொன்னா கேளு தம்பி, செத்துப்போகும்."

"உங்க வீட்டு நாய் செத்த மாதிரியா? அது ஓடையில எதையோ தின்னுல்ல செத்துச்சு. எங்கம்மா சொல்லுவாங்க."

மூடியைத் திருகத் தொடங்கிவிட்டான்.

"ஓடையில ஒண்ணும் திங்கல. நான்தான் இதை ஊத்திக் கொன்னேன். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

அவன் கை நின்றது. சிரித்தவள் எழுந்துவந்து போத்தலைப் பிடுங்கினாள். நாயை அவிழ்த்து, என் கைக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய்க் கட்டினாள்.