நாலாயிரம் கார்டுகளில் ஓர் ஆள்

தங்கசாமியை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடையில் டி.டி.பி. வேலை பார்த்தான். தொண்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவன். அரசு வேலைக்கான பரீட்சையை நான்கு தடவை எழுதி நான்கிலும் தோற்றவன். சோம்பேறி என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

பரீட்சைக்காக அவனே ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். திரையில் ஒரு கார்டு வரும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். 'தெரியும்' என்று மூன்று முறை அமுக்கிவிட்டால் அந்தக் கார்டு ஒதுங்கிக்கொள்ளும். தெரியாதவை மட்டும் திரும்பத் திரும்ப வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போகப் போக பஸ் நேரம், ஆட்களின் போன் நம்பர் என்று எல்லாக் குறிப்பையும் அதிலேயே போட ஆரம்பித்தான். கார்டு நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

"ஒரு டைரி வாங்குடா" என்பேன்.

"தேடுனா ஒரு செகண்டுல வந்துரும்ணே" என்பான். அந்தத் திமிர் எனக்கு ஆகாது.

2008 ஐப்பசியில் அவன் அக்கா பாண்டியம்மாளுக்குப் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் இரத்தம் உடனே வேண்டும், எங்கும் கையிருப்பு இல்லை என்றார்கள். பகல் பதினொரு மணிக்குத் தங்கசாமி தன் கடைக்கு ஓடிவந்தான்; நானும் பின்னாலேயே போனேன். போன வருடம் ஓர் இரத்ததான முகாமில் அந்த வகை இரத்தம் உள்ள ஒருவரின் நம்பரை வாங்கிக் கார்டில் போட்டிருந்தான். பெயர் மறந்துவிட்டது.

'இரத்தம்' என்று தட்டினான். முப்பத்தேழு கார்டுகள் வந்தன. இரத்த வகைகளைக் கண்டுபிடித்தவர் யார், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் எது. எல்லாம் பரீட்சைக் கேள்விகள். ஆளைக் காணோம்.

"தெரியும்னு அமுக்குன கார்டு தேடுனாலும் வராதுண்ணே. நாந்தேன் அப்படி எழுதி வச்சேன்" என்றான். உடனே புரோகிராமைத் திறந்து தேடும் இடத்தை மாற்ற உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, அதை விட்டுத் தொலைடா! ஸ்டாண்டுல போயி நாலு பேரைக் கேளு" என்று கத்தினேன்.

"ரெண்டே நிமிசம்ணே."

ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று நின்றது. ஒதுங்கிய கார்டுகளும் வரும்படி செய்தான். கேள்விகளும் ஆட்களும் கலந்து நூற்றுக்கணக்கில் கொட்டின. ஆட்கள் முதலில் வரும்படி மறுபடி மாற்றினான். அவசரத்தில் எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. நானாவது வெளியே ஓடியிருக்கலாம். மடையன் மாதிரி நானும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு பத்துக்கு முதல் வரியிலேயே வந்தது: மஹ்மூது, கீழக்கரை.

ஒரே ரிங்கில் எடுத்தார். "இந்தா கெளம்பிட்டேன் தம்பி" என்றார். பைக்கில் அரை மணி நேரத்தில் வந்தும் சேர்ந்தார். அவர் ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறுவதற்குள் பாண்டியம்மாள் போய்விட்டாள்.

அவள் புருஷன் செல்லச்சாமி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தங்கசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரத்தத்துக்கு ஊரெல்லாம் நாயா அலைஞ்சியே மாப்ள. உன்னைய மாதிரி ஒரு தம்பி யாருக்குக் கெடைப்பான்?"

"இல்ல மச்சான்..." என்று ஆரம்பித்தான் தங்கசாமி. அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.