சீர் வண்டியின் ஏசி

என் கையெழுத்து நன்றாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு எப்போதும் இடம் மாறும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் கூடினாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நான் இராமேஸ்வரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் இருந்தேன். பாளங்களை உடைத்து விசைப்படகுகளுக்கு ஏற்றும் வேலை. எங்கள் ஊர் கடற்கரையை விட்டு உள்ளே, உத்தரகோசமங்கைப் பக்கம். அய்யா மிளகாய் போட்டவர். என் ஒரே தங்கச்சியை இராமநாதபுரத்தில் அரிசிக்கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டில் ஏசி வேன் கேட்டார்கள். அய்யா மிளகாய்க் காட்டை விற்று, மதுரையிலிருந்து பழைய வேன் ஒன்று வாங்கி, மாலை போட்டுப் பெண்ணோடு அனுப்பினார்.

எங்கள் பக்கத்தில் சீராகக் கொடுத்த சாமான் எது ரிப்பேர் ஆனாலும் பெண்வீட்டார்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும். கிரைண்டர் நின்றால் ஒரு பேச்சு விழும். பீரோ பூட்டு போனால் ஒரு பேச்சு விழும். தங்கச்சிக்கு, வேனில் ஏசி நின்றால் அடி விழுந்தது.

முதல் சித்திரையிலேயே நின்றது. ஐஸ் கம்பெனிக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்.

“மச்சான், உங்கப்பன் குடுத்த டப்பா அனலடிக்குது. வந்து பாருங்க.”

“இந்தா வாரேன் மாப்பிள்ளை.”

பாம்பன் பாலம் தாண்டி பஸ்ஸில் போனேன். தங்கச்சி காப்பி கொண்டுவந்து வைத்தாள். இடது காதில் பஞ்சு அடைத்திருந்தாள். பஞ்சு சிவந்திருந்தது. “தடுமம்ணே” என்றாள். வண்டியில் கம்ப்ரஸரைச் சுற்றும் பெல்ட் தளர்ந்து வழுக்கியது, அவ்வளவுதான். மெக்கானிக் பாய் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை இழுத்து, மறுபடி இறுக்கினார். ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை. அந்தக் காது இன்றைக்கும் கேட்பதில்லை.

அடுத்த தடவை கேஸ் ஒழுகியது. மாப்பிள்ளைக்கு வேனை ஈரமணலில் தனுஷ்கோடி வரை விரட்டிக்கொண்டு போவதில் ஆசை. உப்புத்தண்ணீர் முன்பக்கக் குழாய்களை அரித்துவிட்டது. பாய் சோப்பு நுரையைத் தடவினார். ஓரிடத்தில் மட்டும் நுரை கொப்பளித்தது. “நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்கன்னா கேக்குறாகளா?” என்றார். அன்றைக்குத் தங்கச்சியின் கன்னத்தில் குறுக்குக் கோடுகள் இருந்தன, எல்லாம் ஒரே இடைவெளியில். எனக்கு முதலில் விளங்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து, காற்று வரும் வாயில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அவள் முகத்தை அதில் வைத்து அழுத்தி, “குளுருதா, சொல்லுடி, குளுருதா?” என்று கேட்டிருக்கிறார். ஒரு பட்டை முறிந்திருந்தது.

மூன்றாவது தடவை நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வேன் கடைக்கு முன்னால் நின்றது, கண்ணாடிகளெல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே தங்கச்சி, ஆறு மாத வயிற்றோடு. புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. மாப்பிள்ளை அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“உங்கப்பன் வீட்டு ஏசிதானே. அவளே இருந்து அனுபவிக்கட்டும்.”

“சாவியக் குடுங்க மாப்பிள்ளை.”

“மொதல்ல என்ன கோளாறுன்னு கண்டுபிடி. அப்பறம் தொறப்போம்.”

கடைக்கு வந்தவர்கள் அரிசி வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். நான் தராசில் இருந்த எடைக்கல்லை எடுத்து முன் கதவுக் கண்ணாடியை உடைத்தேன். கையை விட்டு, அடிக்குப் பயந்து அவள் தொடாமலிருந்த உள்பிடியைத் திருகிக் கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்துப்போட்டேன். தரையில் படுக்கவைத்துத் தண்ணீர் தெளிக்கும்போதே என் முதுகில் உதை விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தடவை போனது ஒரு ஃபியூஸ். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்.

இனி அவனை அவன் என்றே எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. கொஞ்ச நாளில் அய்யாவே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். “வண்டிய நல்லபடியா பாத்துக் குடுத்தா அவரு ஏன் அடிக்கப் போறாரு?” என்றார். அவர் நிஜமாகவே அப்படி நம்பினார். நானும் பாதி நம்பினேன். லீவு நாட்களில் பாய் பட்டறையில் போய் நின்றேன். ஏசி ஓடும்போது எந்தக் குழாய் குளிர்ந்து வியர்க்க வேண்டும், எது சுட வேண்டும் என்று தொட்டுத் தொட்டுப் பழகினேன். விரலெல்லாம் கொப்புளம்.

குழந்தைக்கு முடியெடுத்துக் காது குத்த அவர்கள் குலசாமி கோயிலுக்குப் போனோம். கடற்கரையோரம் உடைமரக் காட்டுக்குள் இருக்கிற கோயில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடியெடுக்க வேண்டும் என்பதால் நானும் போனேன். திரும்பும்போது அவன் ஓட்டினான். பின்சீட்டில் அவன் அம்மா, தங்கச்சி, நான். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை என் மடியில் இருந்தது. ஏசியிலிருந்து அனல் அடித்தது. வெறும் வெக்கை இல்லை, வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி.

அவன் ஏசிப் பொத்தான்களுக்குக் கீழே குத்தினான். எப்போது மக்கர் செய்தாலும் அங்கேதான் குத்துவான், அந்த இடமே பள்ளமாகியிருந்தது. அனல் குறையவில்லை. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே திரும்பித் தங்கச்சியின் வாயில் குத்தினான். குழந்தையின் சந்தனத்தில் ரத்தம் தெறித்தது. குழந்தை வீறிட்டது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு மரத்தை உரசி நின்றது.

“இறங்குலே. உங்கப்பன் வண்டியப் பாரு.”

குழந்தையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். எஞ்சினை ஓடவிட்டு மூடியைத் தூக்கினேன். பெல்ட் இறுக்கமாக இருந்தது. குளிர்க் குழாயைத் தொட்டேன். ஐஸாக இருந்தது, வியர்த்து வடிந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் அனல் எங்கிருந்து வருகிறது? பக்கத்தில் ஹீட்டர் குழாய்கள் இரண்டு இருந்தன. குளிர் ஊர்களுக்காக எஞ்சினின் வெந்நீரை வண்டிக்குள் சுற்றவிடும் ஏற்பாடு அது. எங்கள் ஊரில் அதை யார் திறக்கப்போகிறார்கள்? ஆனால் தொட்டால் இரண்டும் சுட்டன. வெந்நீரை அடைக்கும் திருகு திறந்து கிடந்தது. அதை மூடிவைக்கும் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வண்டிக்குள் குனிந்தேன். அவன் குத்திக் குத்திப் பள்ளமான இடத்துக்கு நேர் பின்னால், கம்பியைப் பிடித்திருந்த கொக்கி உடைந்து தொங்கியது.

கையில் துண்டைச் சுற்றித் திருகை மூடி, கட்டுக்கம்பியால் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் குளிர் வந்துவிட்டது.

“ஏயப்பா, என்னமா குளுருது!” என்றாள் அவன் அம்மா. “என்ன கோளாறு தம்பி?”

“ஏசில ஒண்ணும் இல்லத்தே. மாப்பிள்ள குத்துன குத்துல ஹீட்டர் தொறந்துக்கிருச்சு.”

வீல் ஸ்பேனர் என் வாயில் விழுந்தது. முன் பற்கள் நாக்கின் மேல் கிடந்தன. அடுத்த அடியைக் கையால் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. “என் குத்தாலேயா? ஏலே, என் குத்தாலேயா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தான்.

தங்கச்சி குழந்தையை மாமியார் மடியில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். உதடு கிழிந்திருந்தது. கத்தவில்லை.

“அப்ப இத்தன நாளும் நான் எதுக்கு அடி வாங்குனேன்?”

“உள்ள போடி.”

ஓங்கிய ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பிடுங்கினாள். அவன் தடுமாறி வண்டியில் வலது கையை ஊன்றினான். அந்தக் கை மேலேயே ஸ்பேனரை இறக்கினாள். அவன் மண்ணில் உட்கார்ந்து அலறினான். அப்புறம் வண்டிப் பக்கம் திரும்பினாள். முன் கண்ணாடி போனது, விளக்குகள் போயின. காற்று வரும் பட்டைகளை மட்டும் நின்று நிதானமாக ஒவ்வொன்றாக உடைத்தாள். மாமியார் குழந்தையோடு ரோட்டில் நின்று, “சீர் வண்டிடி! ஒஞ்சீர் வண்டிடி!” என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

“எங்கய்யா குடுத்தது. நாந்தான் ஒடைப்பேன்.”

குழந்தையை வாங்கிக்கொண்டு, மீன் ஏற்றி வந்த லாரியை மறித்தாள். பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து போனோம்.

என் கைக்கட்டை அவிழ்க்கும் முன்னே அவன் தன் தம்பியோடு எங்கள் ஊருக்கு வந்தான். அவன் கையிலும் கட்டு. கோயில் முன்னால் ஊர் கூடியது. வண்டியைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் பெண்ணை அனுப்புங்கள் என்றார்கள். முறைப்படி அதுதான் சரி என்று பெரியவர்களும் சொன்னார்கள். அய்யா தலையை ஆட்டினார்.

“ஏலே, கை ஆறுனதும் போய் வண்டியப் பாத்துக் குடுத்துரு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்றால் அவள் போயாக வேண்டும்.

“மாட்டேன்” என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன்.

அவன் தம்பி எழுந்து வந்து என் கட்டுப்போட்ட கையைப் பிடித்து முறுக்கினான். “பாத்துக் குடுக்கேன்னு சொல்லுலே.”

“மாட்டேன்.”

இன்னும் முறுக்கினான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூடிய எலும்பு மறுபடி விட்டது. அந்தச் சத்தம் அய்யாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். எழுந்தார், செருப்பைக் கழற்றினார். என் கையை முறுக்கினவனை விட்டுவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்த மருமகனிடம் போய் முகத்திலேயே அடித்தார். பிடித்து இழுக்கும் வரை அடித்தார்.

“வண்டிய நீயே வச்சுக்க. எம்பிள்ள இங்கன இருக்கட்டும்.”

தங்கச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தொட்டில் கட்டினாள். இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள்.

எழுதி முடித்தது 2009 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை.