தண்ணீரில் மட்டும் நின்ற கால்கள்

தொமினி வளைகுடாவில் கடலுக்குள் தூண் நட்டுக் கட்டிய, பாஜோ என்னும் கடலோடி மக்களின் ஊரில் ரம்லானுக்கு மட்டும் தண்ணீர் ஆகாமல் போயிற்று. தரைப்பலகையின் இடுக்கில் கடல் மினுங்கினாலே அவனுக்கு மூச்சடைத்தது. மனைவி ஹைதா இடுக்கு தெரியாமல் பாய் விரித்து வைத்தாள். அலை தூணில் மோதும் சத்தத்தை எதைக்கொண்டு மூடுவாள்?

கடல் அட்டை எடுத்துப் பிழைத்தவன் அவன். படகில் காற்றடிக்கும் எந்திரம் ஓடும். அதன் நீண்ட குழாயை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு தென்னை உயரத்துக்குக் கீழே இறங்குவார்கள். விபத்து நடந்த அன்று அவனோடு இறங்கியவன் ஹைதாவின் தம்பி சுஃப்ரி. அடியில் இருக்கும்போது எந்திரத்தின் பெல்ட் அறுந்து காற்று நின்றது. ரம்லான் ஒரே வீச்சில் மேலே வந்துவிட்டான். ஆழத்திலிருந்து நிதானிக்காமல் ஏறினால் கைகால் முடங்கிவிடும் என்று தெரிந்தும், வேறு வழியில்லாமல் வந்தான். படகில் ஏறிய கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. சுஃப்ரியைக் குழாயோடு இழுத்து ஏற்றினார்கள். உயிர் இல்லை.

மச்சினனின் அடக்கத்துக்குக்கூட ரம்லானால் போக முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது காலில் லேசாக உணர்ச்சி மீண்டிருந்தது, நிற்கத்தான் வலுவில்லை. ஹைதாதான் தூக்கிச் சுமந்தாள். அடுத்த வீட்டு லாடுனி எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், மீனுக்கு ஜலதோஷம் புடிச்ச கதையால்ல இருக்கு" என்பான். ரம்லான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான்.

கரையிலிருந்து வந்த நர்ஸ் காலைத் தட்டிப் பார்த்தார். "கழுத்தளவு தண்ணியில நிக்க வைம்மா. ஒடம்பு கனம் தெரியாது, கால் அசைய ஆரம்பிக்கும்."

"வேற வைத்தியம் சொல்லுங்க" என்றான் ரம்லான்.

"என்கிட்ட வேற இல்லப்பா."

அதன்பிறகும் அவன் தண்ணீரில் இறங்கச் சம்மதிக்கவில்லை. ஒருநாள் காலையில் கழிப்பறைக்குத் தூக்கிப் போகையில் ஹைதாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் பலகைப் பாலத்தில் விழுந்தார்கள். அவள் அழவில்லை. வானத்தைப் பார்த்துப் படுத்தபடியே, "இனி ஒங்களத் தூக்க என்னால ஆகாது" என்றாள். குரலில் கோபமே இல்லாததுதான் அவனைச் சுட்டது.

மறுநாள் நீர் வற்றியிருந்த நேரத்தில் லாடுனியைக் கூப்பிட்டு, "ஏணி வழியா எறக்கிவிடு" என்றான். பாதம் நனைந்ததுமே வாந்தியெடுத்தான். அவனையறியாமல் சிறுநீரும் போயிற்று.

"ஏத்திடவா?"

"இரு."

அன்று அவ்வளவுதான். பிறகு முழங்கால், இடுப்பு என்று நாளாக நாளாக இறங்கினான். நெஞ்சளவு வந்த அன்று, எங்கும் ஓடாத எந்திரம் அவன் காதுக்குள் ஓடி நின்றது. அலறிக்கொண்டு லாடுனியின் கழுத்தைப் பிறாண்டிவிட்டான். ரத்தம் வந்தது. லாடுனி இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தான். மறுநாள் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றவன், "நகத்த வெட்டிட்டியா மச்சான்?" என்றான்.

கழுத்தளவில் ஒருநாள் வலது பாதம் மணலை உந்தியது. அவன் நின்றான். ஏணிக்குத் திரும்பியதும் பழைய கனம் வந்து கால் துவண்டது. பலகைமேல் அவன் கடைசிவரை கோலூன்றிக் காலை இழுத்துத்தான் போனான். தலையை முக்கத் துணிவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

அவன் மறுபடி ஆழத்துக்கு இறங்கவில்லை. ஹைதாவோடு சிறு தோணியில் உட்கார்ந்து தூண்டில் போட்டான். மற்றவர்கள் அதே எந்திரங்களோடு போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் ஹைதா கேட்டாள்: "கடைசியா தம்பி என்ன செஞ்சிட்டிருந்தான்?"

அதுவரை அவள் கேட்டதில்லை. ரம்லான் தூண்டில் கயிற்றை இழுத்துச் சுருட்டித் தோணிக்குள் வைத்தான்.

"பாறைக்கு அடியில ஒரு பெரிய அட்டை. சைகையில என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். கண்ணாடிக்குள்ள அவன் கண்ணு சிரிச்சுது. அப்புறந்தான் காத்து நின்னுச்சு."

"சிரிச்சானா?"

"ஆமா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொக்கியில் புதிய இரையைக் கோத்தாள்.