முதுகு மூடாத குஞ்சுகள்

என் அம்மாவைச் சோம்பேறி என்று சொல்லும் சங்க அட்டை ஒன்று இருந்தது. அந்தச் சொல்லை அவர்கள் எழுதவில்லை. 'பராமரிப்புக் குறைவு' என்று சிவப்பு மையில் நாகரிகமாக எழுதினார்கள். பொருள் ஒன்றுதான்.

படப்பைச் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், முட்டைக்கோழி வளர்க்கச் சங்கம் ஒன்று பெண்களுக்கு ஆளுக்கு இருபது கலப்பினக் குஞ்சுகளும் கணக்கெழுத ஓர் அட்டையும் கொடுத்தது. பிறந்து ஒரே நாளான குஞ்சுகள். சேவலும் பெட்டையும் கலந்துதான் இருக்கும், வருவதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் பொறுப்பாளர். மூன்றாம் வாரத்தில், எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த அவருடைய மைத்துனியின் குஞ்சுகளுக்கு இறகு முதுகை மூடிவிட்டது. எங்கள் வீட்டுக் குஞ்சுகளுக்கோ சிவந்த வெறுந்தோல். அம்மா வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினாள். தன் பங்குக் கூழை அவற்றுக்கு ஊற்றிவிட்டு, பசியில்லை என்று எங்களிடம் பொய் சொன்னாள்.

பொறுப்பாளர் பார்வையிட வந்தார்.

"இன்னாமா, தீனிய குஞ்சுக்குப் போடுறியா, நீயே துன்னுட்றியா?"

"போட்டுக்கினுதான் கீறேன் சாரே. எறகு மொளைக்க மாட்டேங்குது."

"பக்கத்து வூட்ல மட்டும் மொளைக்குதே."

சிவப்பு மை அன்றுதான் விழுந்தது. அதை அடித்து நீக்காதவரை அம்மாவுக்கு அடுத்த முறை குஞ்சு கிடையாது.

இரண்டு மாதத்தில் கொண்டைகள் சிவந்தன. எங்கள் இருபதும் சேவல். மைத்துனி வீட்டில் பெயருக்கு ஒரு சேவல்கூட இல்லை. நான் அப்போது கல்லூரி மாணவன். விலங்கியல் ஆசிரியரிடம் கேட்டேன். அந்த இனத்தில் பெட்டைக்கு இறகு விரைந்து வளரும், சேவல் பின்தங்கும் என்றார். பிறந்த அன்றே சிறகை விரித்தால் தெரியுமாம்: பெட்டைக்கு இறகுகள் நீளமும் குட்டையுமாக மாறிமாறி இருக்கும், சேவலுக்கு எல்லாம் ஒரே அளவு.

அடுத்த முறை குஞ்சுகள் வந்த காலையில் சங்கக் கொட்டகைக்கு முன்கூட்டியே போனேன். பொறுப்பாளர் ஒவ்வொரு குஞ்சின் சிறகையும் கட்டைவிரலால் விரித்துப் பார்த்து, ஒன்றை வலப்பக்கப் பெட்டியிலும் மற்றொன்றை இடப்பக்கப் பெட்டியிலும் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அவள் அட்டையை எடுத்துக்கொண்டு என்னுடன் வந்தாள்.

பெண்கள் கூடியதும் நான் பேசினேன். மாவட்டப் போட்டிகளில் சுழற்கோப்பை வென்ற குரல் அது. இயற்கை தாமதப்படுத்திய இறகுக்கு ஒரு தாயைக் குற்றவாளியாக்கியது எந்த நீதி என்று கேட்டேன். தெரிந்தே தரம்பிரித்த கை, தெரியாதவள் அட்டையில் பழி எழுதலாமா என்று கேட்டேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினேன்.

கை தட்டினார்கள். பொறுப்பாளரும் தட்டினார்.

"தம்பி சோக்கா பேசுது. எலெக்சன்ல நிக்க வைங்கம்மா" என்றார். சிரிப்பு எழுந்தது.

அம்மா முன்னால் போய் அட்டையை நீட்டினாள். "அந்த எழுத்த மட்டும் அடிச்சிக் குடு சாரே."

"அடிச்சா அட்டை செல்லாதும்மா."

அம்மா அட்டையை மேசைமேலேயே போட்டுவிட்டு நடந்தாள். அவள் நடைக்கு ஈடுகொடுக்க நான் ஓட வேண்டியிருந்தது. ஊர் எல்லையில் நின்று என் பக்கம் திரும்பினாள்.

"அவ்ளோ நேரம் பேசினியே, ரெண்டு பொட்டியிலேருந்தும் ஒவ்வொரு குஞ்ச எடுத்து றெக்கய விரிச்சிக் காட்டினியாடா?"

பெட்டிகள் இரண்டும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. கைதட்டல் அடங்கட்டும் என்று காத்து நின்றவன்மேல் அதைவிட அதிகம்.