கருப்பையா அண்ணனும் ஒரு பூட்லோடரும்

போன மாதம் எங்கள் பாடசாலைக்கு ஒரு புது லேப்டாப் வந்தது. என்னிடம் இருக்கிற பழைய வெளி ஹார்ட் டிஸ்க்கை அதில் செருகி, லினக்ஸ் எழும்புகிறதா என்று பார்த்தேன். திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. இதில் இருப்பது யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது, அதனால் நம்பமாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அணைந்துபோனது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கடைசியில் என் குணத்தோடு ஒரு மெஷினைச் செய்துவிட்டார்கள்.

என் குணம் உங்களுக்குத் தெரியாது அல்லவா. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஒருவர் கண்ணை மூடினால், நிஜமாகவே தூங்குகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். யாராவது காரணம் சொல்லாமல் ஒன்றைக் கொடுத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இது வீட்டில் வந்த சொத்து. அம்மா தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தராசு முள் நிற்பதற்கு முன்னாலேயே நிறையைச் சொல்லிவிடுகிற ஆட்களுக்கு முன்னால் இருபது வருடம் கூடையோடு நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வெலிமடையிலிருந்து வருகிற உருளைக்கிழங்கைக்கூட அம்மா மண்ணை உதறச் சொல்லிவிட்டுத்தான் நிறுக்க விடுவார். அப்பா சிரிப்பார். நான் அம்மாவின் பக்கம்.

அந்த டிஸ்க்கை ஒரு துணிப்பையில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு அலுமாரியில் வைத்திருந்தேன். பையைத் திறந்ததும் அந்த வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது. மூடிக் கிடந்த அறை, ஈரச் சுவர், சூடேறிய தூசு. கண்ணை மூடியிருந்தால் பதினைந்து வருடத்துக்கு முந்திய அந்தத் தோட்டப் பாடசாலையின் கம்ப்யூட்டர் அறைக்குள்ளேயே நின்றிருப்பேன்.

அப்போது நான் தொண்டர் ஆசிரியை. வாரத்தில் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் வகுப்பு. மற்ற நாட்களில் பதுளையில் ஒரு டியூஷன் நிலையத்தில் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தேன். நிரந்தர நியமனத்துக்கு நேர்முகத் தேர்வு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அதற்குப் பாடசாலை அதிபரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் அந்த மேட்டை ஏறினேன் என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட ஏழு கம்ப்யூட்டர்களை எங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பியது. லொறியை மலர்மாலை போட்டு வரவேற்றோம். பெட்டிகளைத் திறந்தால் ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. அவர்களுடைய அலுவலக இரகசியம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமாம். தர்மம் செய்கிறவர்களுக்கே நம்மேல் நம்பிக்கை இல்லை என்றால் நான் யாரை நம்புவது? ஆனாலும் வாங்கிய மாலையை என்ன செய்வது, மெஷின்களுக்குப் போட்டுப் படம் எடுத்தோம்.

டிஸ்க் இல்லாத மெஷினை வெளி டிஸ்க்கிலிருந்து எழுப்பலாம் என்று எங்கோ படித்திருந்தேன். பதுளை பஸாரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துப் பையன் கடையின் பாதியில் கம்ப்யூட்டர் சாமான் விற்றான். புத்தம் புதுசு என்று சாமிமேல் சத்தியம் செய்து ஒரு வெளி டிஸ்க்கைக் கொடுத்தான். வீட்டில் போய்ச் செருகினால் உள்ளே முன்பின் தெரியாத ஒரு ஜோடியின் கல்யாணப் படங்கள். நானும் அவற்றை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் அழித்தேன். பொண்ணு வடிவு.

இனி பூட்லோடர். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் வந்தவுடன் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. டிஸ்க்கின் தலைப்பகுதியில் இருக்கிற ஒரு குட்டி நிரல்தான், எழும்பு, இந்தப் பக்கம் வா என்று அதை லினக்ஸிடமோ விண்டோஸிடமோ கூட்டிக்கொண்டு போகிறது. அந்தக் குட்டி நிரலில் பல வகை உண்டு. எது எங்கள் கிழட்டு மெஷின்களுக்குச் சரிவரும் என்று ஒரு கொம்யூனிகேஷன் கடையில் தாள் தாளாக அச்செடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துப் படித்தேன்.

லைலோ என்று ஒன்று. சாமான்கள் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும். ஒன்றை நகர்த்திவிட்டு அதற்குச் சொல்ல மறந்தால் அவ்வளவுதான். கிரப் அப்படியில்லை, தானே தேடிப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அது மெஷினின் கண்ணால்தான் பார்க்கும். எங்கள் மெஷின்களின் கண்ணுக்கு, வெளி டிஸ்க்கைச் செருகுகிற யுஎஸ்பி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. மூன்றாவதாக, தன் சொந்தக் கண்ணால் யுஎஸ்பியைப் பார்க்கிற ஒரு சின்ன நிரலும் இருந்தது. யாரோ ஒரு தனி ஆள் செய்து சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். ஏன் சும்மா கொடுக்கிறார் என்ற கேள்வியிலேயே நான் நின்றுவிட்டேன்.

இதையெல்லாம் உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் கருப்பையா அண்ணன். பாடசாலைக்குக் காவல் இருக்கிற வாச்சர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது காலில் கத்தி பட்டு, தோட்ட வேலைக்கு லாயக்கில்லை என்று ஆனபிறகு, பெற்றோர் சங்கம் அவரை இங்கே வைத்திருந்தது. சனிக்கிழமைகளில் நான் போனால் கதவைத் திறந்துவிட்டு, வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து பாதியை எனக்கு ஊற்றுவார். இது எப்படி எழும்புது, அது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இவ்வளவு எதற்குக் கேட்கிறார், நான் இல்லாத நேரத்தில் தொட்டுப் பார்க்கவா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு முள். ஆனால் அந்த மூன்றாவது நிரல் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

“சும்மா குடுக்குறவன வீட்டுக்குள்ள விடாதீங்க டீச்சர்” என்றார்.

கிரப்பும் சும்மாதான் வருகிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு வழியாக முடிவு செய்தேன். கிழட்டு மெஷின்களுக்கு ஒரு சிடி. அதில் வேறொரு சின்ன லோடரும், லினக்ஸின் மூளையான கெர்னலும் இருக்கும். கெர்னல் எழும்பிவிட்டால் அதற்கு யுஎஸ்பி தெரியும், மிச்சத்தை வெளி டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெளி டிஸ்க்கிலே கிரப். அப்போதுதான் நல்ல மெஷின்களிலும் நேரடியாக எழும்பும். லினக்ஸை அந்த டிஸ்க்கில் ஏற்றுவதற்கு உருப்படியான ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பாடசாலையில் இருந்த ஒன்றே ஒன்று அதிபரின் அலுவலகத்தில் இருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் விபரம் முழுக்க அதில்தான் இருந்தது. அதிபர் யோசித்து யோசித்து, ஒரு சனிக்கிழமை மட்டும் என்று அனுமதி கொடுத்தார்.

அன்றைக்குக் கருப்பையா அண்ணன் அலுவலகத்தைத் திறந்துவிட்டார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசிப் பக்கத்தில், பூட்லோடரை எந்த டிஸ்க்கில் எழுதுவது என்று ஒரு வரி. மெஷின் தானாகவே ஒன்றைத் தெரிவு செய்து வைத்திருந்தது. கண்டக்டர் தருகிற டிக்கட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற நான், அந்த வரியைப் பார்க்காமல் ‘சரி’யை அழுத்தினேன். மழை வரும்போல இருந்தது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார்த்தேன். லினக்ஸும் வந்தது, அதிபரின் விண்டோஸும் வந்தது. டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். கருப்பையா அண்ணன் பூட்டினார்.

திங்கட்கிழமை நான் பதுளையில் வகுப்பில் இருந்தபோது அதிபர் போன் எடுத்தார். அலுவலகக் கம்ப்யூட்டர் எழும்பவில்லை, கறுப்புத் திரைதான் வருகிறது, விண்ணப்பங்களை அந்த வாரமே அனுப்பவேண்டும். சனிக்கிழமை நீங்கள் போகும்போது எப்படி இருந்தது என்று கேட்டார். என்னைத்தான் சந்தேகிக்கிறார் என்று குரலில் தெரிந்தது. சிபாரிசுக் கடிதம் கண்முன்னால் வந்து போனது.

“நல்லா இருந்துச்சு சேர். நான் ஒழுங்கா அணைச்சிட்டுத்தான் வந்தேன்” என்றேன். கொஞ்சம் மூச்சு வாங்கி, “அதுக்குப் பொறகு சாவி கருப்பையா அண்ணன்ட்டதான் இருந்துச்சு” என்றேன்.

சத்தியமாக அவர்தான் தொட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். அவர் கேட்ட அத்தனை கேள்விகளும் அந்த ஒரு நொடியில் சாட்சிக்கு வந்து நின்றன. அதிபருக்கும் அவர்மேல் முன்பே ஒரு கண். ஒரு மவுஸ் காணாமற்போன கதை ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

புதன்கிழமை போய் மெஷினைப் போட்டேன். கறுப்புத் திரையில் இரண்டே வரி. இரண்டாவது வரியின் முதல் சொல் கிரப்.

விளங்கிவிட்டது. மெஷின் தெரிவு செய்து வைத்திருந்த இடம் என் டிஸ்க் அல்ல, அதிபரின் டிஸ்க். என் கிரப் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, பதுளையில் என் பைக்குள் கிடந்த மிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தது. என் டிஸ்க்கைச் செருகினேன். மெஷின் ஒன்றுமே நடக்காததுபோல எழும்பியது. விண்டோஸ் சிடியைப் போட்டுப் பழைய லோடரைத் திரும்ப எழுத அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அதிபர் வந்து பார்த்துவிட்டு, இந்தப் பாடசாலைக்கு நீங்கள் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றார். கடிதத்தில் இதையும் எழுதுவேன் என்றார். நான் நன்றி சொன்னேன். ஆமாம், நன்றிதான் சொன்னேன்.

அடுத்த நாளும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் டிஸ்க் இல்லாத மெஷின்களில் ஒன்று என் சிடியால் முதல்முறை எழும்பியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, அவர்கள் சந்தோஷம் என்று நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் படம் போட்டும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவன் உங்கள் தோட்டத்து ஆளா என்று கேட்டார். இல்லை என்றேன். அவன் வீட்டு ஆட்கள் உங்களிடம் வந்து அழுதார்களா என்றார். அதுவும் இல்லை என்றேன்.

“ஒங்களுக்கு எரக்க கொணம் டீச்சர். அவனுக்காகப் பழிய நீங்க எடுக்க வேணாம்” என்றார்.

எத்தனை தடவை சொன்னாலும் அவர் நம்பவில்லை. மெஷினைச் சரிசெய்தவளே கெடுத்தவளாகவும் இருப்பாள் என்பது அவர் புத்தியில் ஏறவேயில்லை. இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். பெற்றோர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் சொல்லிவிட்டேன், அவர் நம்பவில்லை, இனி என்ன செய்ய என்று எனக்குள்ளே ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னைக் கண்டால் எனக்கே பிடிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கருப்பையா அண்ணன் இருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் போனேன். தோட்டத்தில் ஒரு டீச்சர் லயத்துப் பக்கம் போனால் நாலு காம்பராவிலிருந்தாவது தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. அவருடைய மனைவி என்னைப் பார்த்ததும் விறகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கருப்பையா அண்ணன் வாசலில் நின்றபடியே நான் சொன்ன பூட்லோடர் கதை முழுவதையும் கேட்டார். தெரியாமல் நடந்துவிட்டது என்று மூன்று முறை சொன்னேன்.

“மெஷின் கத எனக்கு வெளங்காதுங்க. சேர் போன்ல கேட்டப்ப நீங்க என்னா சொன்னீங்க?”

“சாவி ஒங்ககிட்ட இருந்துச்சுன்னு சொன்னேன்.”

“அந்த மெஷின நீங்க அப்ப பாத்தீங்களா?”

“இல்ல.”

“அப்ப பாக்காமலே என் பேரு வந்துச்சு” என்றார். சத்தம் போடவில்லை. “யாருக்கு என் வேல வேணுமுன்னு கேட்டாங்க டீச்சர்? ஒங்க தம்பிக்கா?”

எனக்குத் தம்பி இல்லை என்றேன். அதையும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நியமனம் அடுத்த வருடம் கிடைத்தது. சிபாரிசுக் கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. கணினி அறிவு, நேரம் தவறாமை என்று நிறைய எழுதிவிட்டு, கடைசி வரியில் மிகவும் நம்பிக்கைக்குரியவர் என்று அதிபர் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெற்றார். ஏழு மெஷின்களும் பழைய இரும்புக்குப் போயின. யார் எந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகினாலும் மறுபேச்சில்லாமல் எழும்புகிற மெஷின் இனி வராது. மண்சரிவு என்று அந்த லயத்தையே உடைத்துவிட்டார்கள். சனங்களுக்கு வேறு மேட்டில் தனி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள், சில குடும்பங்கள் மட்டும் அங்கே வரவில்லை. கருப்பையா அண்ணன் பெரகலயில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை இறக்குவதாக ஒரு காலத்தில் கேள்விப்பட்டேன். பஸ்ஸை விட்டிறங்கி விசாரித்தேன், அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். கொழும்புக்குப் போய்விட்டார் என்று பிறகு ஒருவர் சொன்னார்.

புது வீடுகளுக்கும் இரண்டு முறை போய்விட்டேன். அவருடைய மகளின் கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர் எங்கே என்று அவர்களுக்குத் தெரியும், எனக்கு நிச்சயம். கருப்பையா அண்ணன் இப்ப எங்க இருக்காருன்னு நான் கேட்டால், கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

“ஏன் டீச்சர், எதுக்குக் கேக்குறீங்க?”